கட்சாலுக்கு வரும் ரயில்

கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துக் குடல் காய்ந்து, கரை என்று எதைக் காட்டினாலும் இறங்கிவிடுவேன் என்ற நிலையில்தான் கட்சால் தீவின் படகுத்துறையில் கால் வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. என் பெயர் வெள்ளைச்சாமி. சொந்த ஊர் மானாமதுரை, தொழில் வயரிங். போர்ட் பிளேரில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, டெலானிபூரில் வாடகை அறை எடுத்து நிம்மதியாக இருந்தவனை, ‘கட்சால் பவர் ஹவுஸில் ஆள் இல்லை, கொஞ்ச நாள் போய்ப் பார்த்துக்கொள்’ என்று ஏற்றிவிட்டார்கள். அவர்கள் சொன்ன கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

எனக்குக் கொடுத்த வீடு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், மேட்டில் இருந்தது. தகரக் கூரை, ஒரே அறை, சுவரெல்லாம் பாசி வாடை. பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு வீடு. அதில் முருகையா அண்ணனும் அவர் மனைவி அழகம்மா அக்காவும் இருந்தார்கள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் பால் வெட்டக் குடியேற்றப்பட்ட சனம். அண்ணன் சிறு பிள்ளையாக வந்தவர். அக்கா இங்கேயே பிறந்தவர்.

நான் பையை இறக்கி வைப்பதற்குள் அக்கா ஒரு தட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து நீட்டினார்.

“மொதல்ல சாப்பிடுங்க தம்பி. கப்பல்ல வந்த வயிறு காலியா இருந்தா இன்னும் பெரட்டும். மெயின்லேண்டுல எந்தப் பக்கம்?”

“மானாமதுரைக்கா. ஸ்டேஷனுக்குப் பின்னாடிதான் நம்ம வீடு.”

“ஸ்டேஷன்னா? ரயில் ஸ்டேஷனா?”

“ஆமாக்கா. ராத்திரி பூரா வண்டிச் சத்தம்தான். அது இல்லேன்னா எனக்குத் தூக்கமே வராது.”

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று திரும்பிப் போய்விட்டார். என்னடா இது, ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா என்று நினைத்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தேன்.

இந்தத் தீவுகளில் சீக்கிரமே இருட்டிவிடும். நம் ஊரில் டீக்கடையில் வடை போடுகிற நேரத்தில் இங்கே விளக்குப் போட்டாக வேண்டும். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக வடிந்துகொண்டிருந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

திடீரென்று அவை நிறுத்திக்கொண்டன.

ரயில் பக்கத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும், வண்டி வருவதை முதலில் சொல்வது தரைதான். உள்ளங்காலில் ஒரு அதிர்வு வந்தது. தட்டு சிமெண்டுத் தரையில் கடகடவென்று மெல்ல ஆடியது. பிறகு எங்கோ மேலே, தூரத்தில், நீளமாக ஒரு ஹார்ன். இழுத்து இழுத்து, மலைக்கு மலை பட்டுத் திரும்பி வருகிற மாதிரி. அதற்குப் பின்னால் சக்கரங்கள். தடக் தடக், தடக் தடக். வளைவில் இரும்பு கீச்சிடும் சத்தம். காய்ந்த தேயிலையும் சூடேறிய பிரேக்கும் கலந்த ஒரு வாடை.

சாயங்கால வண்டி வருகிறது போல என்று நினைத்து அடுத்த துண்டு ரொட்டியை வாயில் வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது.

இது தீவு.

இங்கே தண்டவாளமே கிடையாது.

ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தேன். சத்தம் தோட்டத்துக்குள் நெருங்கி வந்தது. நிற்கப் போகிற மாதிரி மெதுவானது. ஆனால் நிற்கவில்லை. மறுபடி வேகம் எடுத்து, கடல் இருக்கிற பக்கமாகப் போய் அடங்கியது. தவளைகள் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பித்தன.

மறுநாள் பவர் ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் தாஸிடம் கேட்டேன். பெங்காலிக்காரர், லிட்டில் அந்தமானில் பிறந்தவர். “ஹவா ஹை பாய், ஹவா,” என்றார். காற்றாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கப்பலும் ஹெலிகாப்டரும் பார்த்திருக்கிறார், ரயிலைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவருக்கு அது காற்றுதான். அது என்ன சத்தம் என்று தெரிந்தவர்கள் இந்த மேட்டில் மட்டும்தான் இருந்தோம்.

முருகையா அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பலா மரம். அதன் கிளையில் வெள்ளைத் துணியில் கட்டி ஒரு செம்பு தொங்கியது. எங்கள் பக்கமும் வழக்கம் உண்டு என்பதால் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கரைக்கும்வரை வெளியே மரத்தில் கட்டுவார்கள். ஆனால் துணி பழுப்பேறி, பாசி பிடித்துப் போயிருந்தது. ஓரிரு நாளில் கரைக்க வேண்டியதை மாதக்கணக்கில் இப்படியா தொங்கவிடுவார்கள்?

“யாருண்ணே?” என்று கேட்டேன்.

“எங்க சுதா,” என்றார். ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அவர் சொன்னதுதான் இது.

சுதா அவர்களுக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை. சுனாமி வந்தபோது அழகம்மா அக்காவின் இடுப்பில் இருந்தவள். கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மூத்த பையனை அலை பிடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். கடல் பக்கம் போகாதே, மேட்டிலேயே இரு. பெண்ணை அப்படித்தான் வளர்த்தார். அவள் படித்து, போர்ட் பிளேரில் மரைன் ஹில் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் கூட வேலை செய்யும் பெண்கள் சிலர் இலங்கைக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். இவளும் போகிறேன் என்றாள்.

“நான் பொறந்த தோட்டத்தப் பாக்கணும்னு அவளுக்கு ஆச,” என்றார் அண்ணன். “நான்தான் கெடுத்தேன். மலையெறங்கி ரயில்ல வந்த கதையவே சொல்லிச் சொல்லி வளத்தேன். ஜன்னல்ல தலைய வச்சா மேகம் மூஞ்சில படும்னு சொல்லுவேன்.”

வெளிநாடு போகும் பிள்ளைக்கு அக்கா போனில் தினமும் சொன்னாராம். பாஸ்போர்ட்டை இடுப்புப் பையிலேயே வை. தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்கித் தின்னாதே. சத்தியம் பண்ணு, கடல் பக்கம் போக மாட்டேன் என்று.

அவள் சத்தியம் பண்ணினாள். காப்பாற்றவும் செய்தாள். கூட வந்த பெண்கள் கடற்கரைக்குப் போனார்கள். இவள் மட்டும் தனியாக மலை ரயிலில் ஏறினாள். வாழ்க்கையில் அவள் ஏறிய முதல் ரயில் அது. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் நிற்கிற மாதிரி வாசலில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே சாய்ந்து அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். “அம்மா, பாரு. எங்கயுமே கடல் இல்ல.”

அடுத்த வளைவில் பாறை தண்டவாளத்தை ஒட்டி இருந்தது.

கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

அண்ணனுக்கும் அக்காவுக்கும் பாஸ்போர்ட் கிடையாது. இலங்கைத் தோட்டத்தில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர்கள் எரித்தார்கள். கூடப் போன பெண்கள் சாம்பலைத்தான் கொண்டுவந்தார்கள். பெற்றவர்கள் முகம் பார்க்கவில்லை.

“கரைக்க வேண்டாமாண்ணே?”

“சுத்தியும் கடல்தான் தம்பி. கடல்ல விட மாட்டேங்குறா. ‘போகாதன்னு சத்தியம் வாங்குன நானே அதுல தூக்கிப் போடவா’ன்னு கேக்குறா. நான் என்ன சொல்றது?”

“சாயங்காலம் அந்த வீடியோவப் போட்டுப் பாப்பீங்களா?” ஒரு நப்பாசையில்தான் கேட்டேன். அப்படி என்றால் அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அண்ணன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “போன்ல தண்ணி போயி அது செத்துப்போச்சு தம்பி. வீடியோவும் போச்சு,” என்றார். பிறகு குரலை இறக்கி, “நீங்களும் கேட்டீங்களா?” என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் மூவரும் தினமும் கேட்டோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வரும். மெதுவாகும். நிற்காது. போய்விடும். எத்தனையோ சாவு வீடு பார்த்தவன் நான், ஆனால் இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சோறு தின்ன முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா வீட்டில் சுவிட்ச் ஒன்றில் பொறி பறக்கிறது என்று கூப்பிட்டார். போய்க் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“ரயில்ல எப்படி ஏறணும்?”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏதோ பாவம், மகள் போன வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் வீட்டு நிலைப்படியையே ரயில் வாசலாக்கி நடித்துக் காட்டினேன்.

“பைய மொதல்ல தோள்ல மாட்டிக்கணும். ரெண்டு பக்கமும் கம்பி இருக்கும், இறுக்கிப் பிடிச்சுக்கணும். வண்டி நின்ன பெறகுதான் ஏறணும், நின்ன பெறகுதான் எறங்கணும். ஏறுனதும் வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள தள்ளி நின்னுடணும்.”

“நிக்காம மெதுவாப் போனா?”

“ஏறவே கூடாதுக்கா. கால் தப்புனா அவ்வளவுதான்.”

அக்கா நிலைப்படியைத் தொட்டுப் பார்த்தார். “வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள தள்ளி நிக்கணும்,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது. “எம்மாஞ் சின்ன வார்த்த. இத அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லித் தரலயே தம்பி. எனக்குக் கடல மட்டும்தானே தெரியும்.”

மூலையில் ஒரு ரெக்சின் பை, ஜிப் மூடி, தயாராக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. தகரக் கூரை ஆணிகள் நடுங்கின. அண்ணன் என் கதவைத் தட்டினார்.

“தம்பி, அவளக் காணோம். பையயும் காணோம்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஈர இலை வழுக்கியது. மேட்டின் கடைசியில் நிலம் சட்டென்று முடிந்துவிடும். சுனாமி வந்தபோது சரிந்த இடம். அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே கடல். மாடுகூட அந்தப் பக்கம் மேயப் போகாது.

முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தார். தோளில் பை.

அவருக்கு அந்தப் பக்கம், வெறும் வானம் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் வெளிச்சங்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன.

ஜன்னல்கள்.

ஒவ்வொன்றாக. மெதுவாக.

“அழகு, நில்லு!” அண்ணன் குரல் உடைந்தது. அக்கா திரும்பவில்லை. வலது கையை நீட்டினார். கம்பியைத் தேடுகிற கை. நான் சொல்லிக் கொடுத்த அதே மாதிரி. வண்டி நிற்கவில்லை என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார், அல்லது அது அவருக்கு இனி முக்கியமில்லை.

விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கினார்.

நாங்கள் எட்டமுடியாத தூரத்தில் இருந்தோம். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், யாரும் இல்லை.

யாரோ அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள்.

அக்கா பின்னால் வந்து சேற்றில் விழுந்தார். அப்போது ஒரு குரல் கேட்டது. மூச்சுக்கு நடுவே பேசுகிற, இளம் பெண்ணின் குரல்.

“உள்ள தள்ளி நில்லும்மா.”

ஜன்னல்கள் நகர்ந்துபோயின. கடைசி வெளிச்சமும் கடலுக்கு மேலே அணைந்தது. அண்ணன் மனைவியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். புடவையின் மார்புப் பக்கம் இரும்புத் துரு அப்பிய ஒரு கைத்தடம், விரல் விரலாக, சின்னதாக.

“என்னய ஏத்திக்கலயேங்க,” என்று அக்கா அழுதார். “பெத்தவள ஏத்திக்காமப் போறாளே.” பிறகு இருட்டைப் பார்த்து, வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்: “சரிடி. நான் ஏறல. நீ எறங்கி வந்துரு. அவசரப்படாத. நின்ன பெறகு எறங்கு.”

அதற்கப்புறம் அவர் விளிம்புப் பக்கம் போகவில்லை. சத்தம் வரும் நேரத்தில் வீட்டுக்குள், வாசலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, சுவரில் சாய்ந்து காத்திருப்பார். போனதும், “இன்னிக்கும் நிக்கல,” என்பார். வாரங்கள் இப்படியே போயின. பார்க்கிற எங்களுக்கே நெஞ்சு வெடித்தது. கடைசியில் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். அங்கேயே, அந்த மலையிலேயே, ஆற்றில் கரைத்துவிடலாம். பிள்ளை அலைய வேண்டாம்.

“ஆறுன்னா சரி,” என்றார் அக்கா. “கடல் வேணாம்.”

போர்ட் பிளேரில் இருந்த அண்ணனின் தம்பி மகன் அன்பழகன் அலைந்து திரிந்து பாஸ்போர்ட் எடுத்து, தானும் கூட வருவதாகச் சொன்னான். அவர்கள் கிளம்பிய அன்று படகுத்துறையில் நான்தான் பாடம் நடத்தினேன். பாஸ்போர்ட் இடுப்பில் இருக்கட்டும். செம்புக்கு உண்டான பேப்பர் அன்பழகனிடம் இருக்கட்டும். ரயிலில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். அண்ணன் கையை விடாதீர்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செம்பை மார்போடு அணைத்திருந்தார்.

“வீட்டு மெயின் சுவிட்ச எறக்கிருங்க தம்பி. ஆளில்லாத வீட்டுல கரன்ட் எதுக்கு?”

மேட்டுக்குத் திரும்பி வந்து மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் அந்த வீட்டில் ஒரு பல்புகூட எரியாது. வாசலில் பூட்டுத் தொங்கியது. பலா மரக் கிளை காலியாக இருந்தது. இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

கப்பல் போன சில நாளைக்குப் பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், தவளைகள் நின்றன.

உள்ளங்காலில் அதிர்வு. ஹார்ன். சக்கரங்கள். மெதுவானது.

இன்னும் மெதுவானது.

நின்றது.

பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் அந்த நீளமான பெருமூச்சை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அது முடிந்ததும் சருகுகளின் மேல் காலடிச் சத்தம். நிதானமாக, அவசரமில்லாமல் ஒருத்தி நடந்து வந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். பூட்டு லேசாக ஆடி, கதவில் இடித்தது.

“அம்மா.”

பூட்டு மறுபடி ஆடியது.

“அப்பா.”

நான் என் கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். காலடி என் பக்கம் திரும்பியது. கதவின் இடுக்கில் தேயிலை வாடை, துரு வாடை, மலை மழையின் குளிர்.

“அண்ணே,” என்றது குரல். “அம்மா எங்க?”

என்ன சொல்வேன்? உன்னைக் கொண்டுபோய் விடத்தான் போயிருக்கிறார்கள் என்றா?

“ஊருக்குப் போயிருக்காங்கம்மா.”

“எப்படி? கப்பல்லயா?” அந்தக் குரலில் பயம் இருந்தது. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது.

“பயப்படாத. அப்பா கூட இருக்காரு. பத்திரமா வந்துருவாங்க,” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கை தாழ்ப்பாளை விட்டுவிட்டது. கதவைத் திறக்க மட்டும் தைரியம் வரவில்லை.

காலடிகள் திரும்பிப் போயின. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அன்பழகனின் போனிலிருந்து அக்கா கூப்பிட்டார். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

“ஆத்துல விட்டுட்டோம் தம்பி. நல்ல தண்ணி, சில்லுன்னு. ரயில்லயும் போனோம். நான் எந்திரிக்கவே இல்ல, நீங்க சொன்ன மாதிரி.” “அங்க அந்தச் சத்தம் வருதா?”

“வரலக்கா,” என்றேன். அது பொய்யில்லை. அன்றைக்கு நின்ற வண்டி அதற்குப் பிறகு வரவே இல்லை.

“அப்ப அவ போய்ச் சேந்துட்டா,” என்று அக்கா விம்மினார். “அது போதும். வீடுதான் இருட்டாக் கெடக்கும், பாவம்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் கட்டை இருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டு போட்டபடியே இருந்தது. வாசல் பக்கம் யாரும் இல்லை. நன்றாக உள்ளே தள்ளி, சுவரோரமாக, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.